வேண்

அந்தப் பள்ளியில் அவளுக்குப் பெயர் 'புதுசு'. வந்த அன்றைக்கு யாரோ, "இந்தப் புதுசு எந்த வகுப்புக்கு?" என்று கேட்டார்கள், அத்தோடு ஒட்டிக்கொண்டது. மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தபிறகும், வாங்கிய செருப்பு தேய்ந்து பழசானபிறகும், அவள் மட்டும் புதுசாகவே இருந்தாள்.

சிறப்புக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிற படிப்பு அவளுடையது. அதில் கடைசி வருடப் பயிற்சிக்காக வந்திருந்தாள். ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டவள் வேறு. போன தடவை பேராசிரியர் முன்னால் பாடம் நடத்தும்போது ஒரு குழந்தை மேஜைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு கெஞ்சியும் வெளியே வரவில்லை. கடைசியில் இவளும் உள்ளே புகுந்து, குழந்தையோடு சேர்ந்து அழுதுவிட்டாள். இந்தத் தடவையும் போனால் படிப்புக்கே முழுக்குப் போட வேண்டியதுதான். கல்லூரியில் அதைச் சுற்றி வளைக்காமல் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள்.

அப்படிப்பட்டவள் கையில்தான் ஜில்லுவைக் கொடுத்தார்கள். ஜில்லுவுக்கு ஒன்பது வயது. பெற்றவள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு; ஆனால் கொஞ்சம் கண் அசந்தால் போதும், வராந்தாவில் இருக்கிற தண்ணீர்க் குழாயில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவாள். அப்படி நின்று நின்றே ஜில்லு ஆகிவிட்டாள். பேச்சு கிடையாது. பிடித்தால் கையை உதறுவாள், பிடிக்காவிட்டாலும் கையை உதறுவாள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடிக்க ஒருத்தருக்கும் நேரம் இருக்கவில்லை.

புதுசு ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். 'வேணும்.' அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தாள். கண்ணாடி முன்னால் ஜில்லுவை உட்காரவைத்து, உதட்டைக் குவித்துக் காட்டி, பல்லைக் காட்டி, நாக்கை மடக்கிக் காட்டி, பந்தைப் பிடித்து 'வேணும்', தண்ணீர்க் கோப்பையைப் பிடித்து 'வேணும்' என்று தொண்டை வறளச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பக்கத்து வகுப்பு ஆசிரியைகளுக்கு இதே கேலி. "என்ன புதுசு, இன்னிக்கு உனக்கு என்ன வேணும்?" என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். உள்ளுக்குள் எரியும்.

ஒருநாள் தண்ணீர்க் கோப்பையைப் பார்த்து ஜில்லு சொன்னாள்: "வேண்."

அடேயப்பா, அன்றைக்கு அந்தப் பள்ளியே புதுசைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. வகுப்புக்குப் பொறுப்பான பெரிய மிஸ், சாமானியமாக யாரையும் பாராட்டாதவர், தன் கைக்குட்டையால் புதுசின் முகத்தைத் துடைத்துவிட்டார். ஜில்லுவின் அம்மா ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். அவளுக்குப் போன் போட்டுச் சொன்னபோது, மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கவுண்டருக்குப் பின்னால் நின்று அழுதாளாம். வாங்க வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

'வேண்' வரைக்கும்தான் வந்தது. அதற்குப் பிறகு உதடு ஒத்துழைக்கவில்லை. தலைகீழாக நின்றாலும் 'உம்' வரவில்லை.

"தலை வந்துடுச்சுல்ல, அது போதும்," என்றார் பெரிய மிஸ். "வாலை நாம போட்டுக்கலாம்."

எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். ஜில்லு 'வேண்' என்றால் போதும், எதைப் பார்த்துச் சொன்னாளோ அது உடனே கைக்கு வந்துவிடும், கூடவே கைதட்டலும் வரும்.

அந்த வகுப்பின் மூலையில் ஓர் ஊஞ்சல் உண்டு. கூரைக் கொக்கியில் தொங்குவது; முதுகுக்குச் சாய்மானமும், குழந்தை விழாமல் இருக்க இடுப்பைச் சுற்றி ஒரு வாரும் வைத்தது. ஜில்லுவுக்கு ஊஞ்சல் என்றால் உயிர் என்று எல்லோருக்கும் தெரியும். ஏற்றி ஆட்டினால் கீச்சென்று சிரிப்பாள், அந்தச் சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்கும். ஆகவே, வேலையை ஒழுங்காக முடித்தால் ஊஞ்சல் என்று ஏற்பாடு. சிவப்புக் கட்டைகளை ஒரு கூடையில், நீலக் கட்டைகளை இன்னொன்றில் போட்டால் ஊஞ்சல். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டால் ஊஞ்சல். ஊஞ்சலைக் காட்டி, "வேணுமா?" என்பாள் புதுசு. "வேண்," என்பாள் ஜில்லு. ஏற்றிவிடுவார்கள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வண்டி, புதுசின் பரீட்சை நெருங்குகிற நேரம் பார்த்து மக்கர் பண்ணியது. நேற்றுவரை கட்டைகளைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்த ஜில்லு, கடைசிக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு போடாமல் உட்கார்ந்திருப்பாள். நெருக்கினால் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள். ஊஞ்சலிலேயே சிறுநீர் போனாள். அதெல்லாம் பழகி எவ்வளவோ நாளானவள்!

சாயங்காலம் அழைத்துப்போக வந்த அம்மாவிடம் புதுசு மெல்லக் கேட்டாள். "வீட்ல எப்படிம்மா இருக்கா?"

"வீட்ல ஒரு குறையும் இல்ல மிஸ். உங்க புண்ணியத்துல நல்லா சாப்பிடறா. முன்னல்லாம் எது போதும், எது போதாதுன்னே தெரியாது. இப்போ வாயைத் திறந்து கேக்கறாளே! ஒரு வாய் ஊட்டுவேன், 'வேண்'ங்கறா. இன்னொரு வாய் குடுப்பேன், மறுபடியும் 'வேண்'. டப்பாவை வழிச்சுட்டுத்தான் விடுவா." கொஞ்சம் நிறுத்தினாள். "என்ன, அப்பப்போ வாந்திதான் எடுக்கறா. டாக்டர் வயித்துல ஒண்ணுமில்லன்னுட்டார்."

புதுசு தலையை ஆட்டினாள். அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சொன்ன அம்மாவுக்கும் உறைக்கவில்லை. சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டால் அப்புறம் எதுவும் கண்ணில் படாது.

புதுசு தன் அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். அன்றைக்கு அக்கா துணி மடித்துக்கொண்டே பழங்கதை பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு எங்கெங்கோ சுற்றிச் சித்தப்பாவிடம் வந்து நின்றது.

"சித்தப்பா வந்தாலே உனக்குக் குஷிதான். கிச்சுகிச்சு மூட்டுவாரே, எப்படிச் சிரிப்பே! உனக்கு அவ்ளோ பிடிக்கும்."

"எனக்கா? பிடிக்கவே பிடிக்காது. மூச்சு முட்டும்க்கா. எப்போடா விடுவார்னு இருக்கும்."

"போடி, கதை விடாதே. விழுந்து விழுந்து சிரிச்சியே!"

"சிரிப்பு வந்தா நான் என்ன பண்ணுவேன்? நிறுத்துங்க, நிறுத்துங்கன்னு கத்தணும்னுதான் பார்ப்பேன். வாயைத் திறந்தா சிரிப்புதான் வரும். அவர் இன்னும் வேணுமாடான்னு…"

அங்கே நின்றுவிட்டாள். பொட்டில் அறைந்தாற்போல் இருந்தது. அக்கா மடித்துக் கொடுத்த துண்டு கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

வேணும், வேணாம். இரண்டுக்கும் தலை ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க வாலில் இருக்கிறது. அந்த வால்தான் ஜில்லுவுக்கு வரவில்லை. அதைத்தான் ஊரே சேர்ந்து தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொண்டிருந்தது. 'வேணாம்' என்று அந்தப் பிள்ளை கத்தியிருக்கிறது. வேணும் என்று கேட்கிறாள் பார் என்று இடுப்பில் வாரை மாட்டி ஆட்டியிருக்கிறார்கள். கட்டையை ஒழுங்காகப் போட்டால் அந்த ஊஞ்சல்தான் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு, கடைசிக் கட்டையைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த வார்த்தையைக் கற்றுக்கொடுத்தவள் தானே என்பதை நினைத்தபோது புதுசுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. முன்பு பிள்ளைக்குப் பேச்சு இல்லை, என்ன நினைக்கிறாளோ என்று ஒரு சந்தேகமாவது இருந்தது. இப்போது அந்தச் சந்தேகமும் போய்விட்டது.

மறுநாள் காலையிலேயே பெரிய மிஸ்ஸிடம் போய் நின்றாள். அவர் முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை.

"நீ சொல்றது இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவ சிரிக்கறதை நான் வருஷக்கணக்கா பார்க்கறேன்மா. உனக்கு உங்க சித்தப்பா ஞாபகம் வந்ததுக்கு அவ என்ன பண்ணுவா? நாங்க ஒண்ணை நினைச்சு அதையே பார்த்தோம்ங்கறே. நீயும் இப்போ ஒண்ணை நினைச்சுக்கிட்டுத்தானே பார்க்கறே?"

கேள்வி நியாயமான கேள்வி.

"உன் பாடத்துல ஊஞ்சலை எடுத்துடு, பரிசா குழாயை வெச்சுக்கோ. அது உன் இஷ்டம். ஆனா நிச்சயமா தெரியாம அவங்கம்மாகிட்ட வாயைத் திறக்காதே. ஏற்கெனவே நொந்துபோனவ. சும்மா ஒரு சந்தேகத்தைச் சொல்லி அவ தலையில கல்லைத் தூக்கிப் போடாதே."

வார்த்தையின் வால் வாயில் வராது என்றால் கையில் வரட்டும் என்று முடிவெடுத்தாள் புதுசு. ஜில்லுவுக்குச் சந்தேகமே இல்லாமல் பிடிக்காத பொருள் ஒன்று உண்டென்றால் அது பசை. விரலில் ஒட்டினால் உயிரே போகிறமாதிரி துடிப்பாள். பசைப் புட்டியைத் தூரத்தில் காட்டுவாள் புதுசு. "வேண்!" என்று அலறுவாள் ஜில்லு. உடனே அவள் உள்ளங்கையைப் பிடித்து வெளிப்பக்கமாகத் தள்ளவைத்து, "வேணாம். பசை வேணாம்," என்று சொல்லி, புட்டியை அந்தக் கணமே எடுத்துப் பெட்டியில் போட்டு மூடிவிடுவாள். அடுத்து குழாயடிக்குப் போவார்கள். "வேண்." கையை நெஞ்சோடு சேர்த்துவைத்து, "வேணும். தண்ணி வேணும்." குழாய் திறக்கும். கன்னம் ஒட்டும்.

தள்ளினால் வேணாம். நெஞ்சில் வைத்தால் வேணும். இதுதான் பாடம். எழுதினால் ஒரு வரி. பழக்குவதற்குள் புதுசுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. போதாததற்குப் பரீட்சையில் நடத்த வேண்டிய கட்டைப் பாடமும் மேஜையில் காத்துக்கொண்டு கிடந்தது.

ஒருநாள் ஊஞ்சலைத் தாண்டிப் போகும்போது ஜில்லு தானாகவே நின்றாள். பலகையைப் பார்த்தாள். "வேண்," என்றாள். உள்ளங்கை மெல்ல வெளியே போயிற்று.

புதுசு குரல் கொடுத்தாள். "மிஸ்! இங்க பாருங்க மிஸ்!"

பெரிய மிஸ் திரும்பிப் பார்த்தார். "கையை நீட்டறா. ஊஞ்சலைக் காட்டிக் கேக்கறா," என்றார். பிறகு சற்றுத் தாழ்ந்த குரலில், "அப்படியும் இருக்கலாமில்லையா?" என்றார். புதுசு ஜில்லுவை அங்கிருந்து அழைத்துப் போனாள்.

பரீட்சை நாள் வந்தது. பேராசிரியர் சுவரோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குட்டி நாற்காலிதான் கிடைத்தது. முழங்கால் முகவாயைத் தொட்டது. வேறு நாளாயிருந்தால் புதுசுக்குச் சிரிப்பு வந்திருக்கும். பெற்றோரும் பார்க்கலாம் என்பதால் ஜில்லுவின் அம்மா கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கதவருகே உட்கார்ந்திருந்தாள். பெரிய மிஸ் ஊஞ்சல் பக்கத்தில் நின்றார்.

ஜில்லு அன்றைக்குப் பிரமாதமாக ஆரம்பித்தாள். சிவப்பு, சிவப்பு, நீலம். தவறே இல்லை. பேராசிரியர் தலையை ஆட்டினார். புதுசுக்குக் கால் தரையில் பாவவில்லை. மேஜையில் பாதிக் கட்டைகள் மீதியிருந்தன. அதையும் போட்டுவிட்டால் போதும், இரண்டு வருடக் கவலை விட்டது. நீலக் கட்டை ஒன்றை எடுத்து ஜில்லுவின் முன்னால் வைத்தாள்.

"வேண்," என்றாள் ஜில்லு. உள்ளங்கையால் கட்டையைத் தள்ளினாள்.

தெளிவாகத்தான் தள்ளினாள். அறையில் எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் அதற்கு அர்த்தம் தெரிந்தவர் அங்கே ஒரே ஒருத்திதான். அந்த ஒருத்திக்கு அந்த நிமிடம் அது தெரிந்திருக்கவே கூடாது என்று தோன்றியது. கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

"இன்னும் கொஞ்சம்தாண்டா கண்ணா," என்று கட்டையை மறுபடியும் முன்னால் நகர்த்தினாள்.

ஜில்லு கட்டையைப் பார்க்கவில்லை. புதுசின் முகத்தைப் பார்த்தாள். முகம் பார்ப்பதே அந்தப் பிள்ளைக்கு அபூர்வம். உள்ளங்கை இன்னும் அப்படியே வெளியே நீண்டிருந்தது, எடுக்கவில்லை. தள்ளினால் நிற்கும் என்று இவள்தானே சொல்லிக்கொடுத்தாள்? நிற்காமல் போனதை அந்தக் கை நம்பமுடியாமல் காத்துக்கொண்டிருந்தது.

ஊஞ்சலில் ஏற்றினவர்களாவது தெரியாமல் செய்தார்கள். நான் தெரிந்தே செய்கிறேனே என்று நினைத்தாள் புதுசு.

"வேணாம். கட்டை வேணாம்," என்றாள். கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போட்டு மூடினாள்.

பேராசிரியர் நிமிர்ந்தார். "என்னம்மா, பாடம் பாதியில நிக்குதே?"

"அவ வேணாம்னு சொல்லிட்டா, சார்."

"வேணும்னுதானே சொன்னா? எனக்கே கேட்டுதே."

பெரிய மிஸ்ஸுக்குப் பொறுக்கவில்லை. கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. இவள் படிப்பு கண்ணெதிரே கையைவிட்டுப் போகிறதே என்ற தவிப்பு. "ஒரு நிமிஷம் சார், ஊஞ்சல்ல ரெண்டு ஆட்டு ஆட்டினா சரியாயிடுவா. அவளுக்கு ஊஞ்சல்னா உயிர்," என்று ஜில்லுவின் கையைப் பிடித்து அழைத்துப்போய், இடுப்பு வாரைக் கையில் எடுத்தார்.

"வேண்," என்றாள் ஜில்லு. பிடிபடாத கை மேலே எழுந்தது. உள்ளங்கை பெரிய மிஸ்ஸின் வயிற்றில் பதிந்து, தள்ளியது. "வேண்." மறுபடியும் தள்ளியது. ஊஞ்சலைக் காட்டவில்லை. ஊஞ்சல் அவளுக்குப் பின்னால் இருந்தது.

பெரிய மிஸ் கையில் வாரோடு அப்படியே நின்றார்.

கதவருகிலிருந்து அம்மாவின் குரல்தான் வந்தது. "அவ வேணாங்கறா." எழுந்து நின்றுவிட்டாள். "மிஸ், அவ வேணாங்கறா. விட்டுடுங்க."

வாரை விட்டுவிட்டார் பெரிய மிஸ். ஜில்லு நேராக நடந்து வராந்தாவுக்குப் போய், குழாயில் கன்னத்தை ஒட்டிக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. பெரிய மிஸ் அந்த ஊஞ்சல் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எத்தனை தடவை ஏத்தியிருப்பேன்," என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பேராசிரியர் குட்டி நாற்காலியிலிருந்து சிரமப்பட்டு எழுந்தார். "பாதிப் பாடத்துக்குத் தேர்ச்சி போட எனக்கு அதிகாரம் கிடையாதும்மா. மறைக்காம சொல்லிடறேன். இங்க பார்த்ததைப் பார்த்தபடி கல்லூரியில சொல்லுவேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

"சரிங்க சார்," என்றாள் புதுசு. வேறு என்ன சொல்ல? ஆனது ஆகட்டும் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டாள். அது அவ்வளவு சுலபமாகத் திடப்படவில்லை.

அவர் போனபிறகு ஜில்லுவின் அம்மா குழாயடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டப்பாவைத் திறந்தாள். ஒரு வாய் எடுத்து நீட்டினாள்.

"வேண்," என்றாள் ஜில்லு.

அம்மாவின் கை பழக்கத்தில் முன்னால் போகப் பார்த்தது. நிறுத்திக்கொண்டாள். "எப்படிப் பார்க்கணும் மிஸ்?" என்று கேட்டாள்.

"கையைப் பாருங்கம்மா. காத்திருங்க."

காத்திருந்தார்கள். ஜில்லுவின் ஈரக் கை நெஞ்சுக்குப் போயிற்று. அம்மா ஊட்டினாள். அடுத்த வாய்க்கும் கை நெஞ்சுக்கே போயிற்று. அதற்கடுத்த வாய்க்கும் அப்படியே. பிறகு ஒரு வாய் நீட்டியபோது, "வேண்," என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையால் அம்மாவின் விரல்களைத் தள்ளினாள். முரட்டுத்தனமாக அல்ல. மெதுவாகத்தான்.

எடுத்த வாயை அம்மா டப்பாவிலேயே திருப்பிப் போட்டாள். உள்ளே பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினம் டப்பா காலியாகும் மிஸ்," என்றாள். "கழுவும்போது எவ்ளோ சந்தோஷப்படுவேன் தெரியுமா?"

புதுசு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அம்மா புடவைத் தலைப்பால் மகளின் வாயைத் துடைத்துவிட்டாள். அப்புறம் டப்பாவை, அந்தப் பாதிச் சாப்பாட்டோடு, அழுத்தி மூடினாள்.